ஹாஸ்டல் வராந்தாவில் நடந்தது

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்:

"பரீட்சை முடியுற வரைக்கும் நான் நம்ம பிள்ளை கண்ணுல படப்பிடாது."

"ஏன், என்ன செய்தியோ?"

"காலையில நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப, அந்த ஹஜூர் கச்சேரி ஆபீஸ்ல வேலை பாக்குற மாப்பிள்ளை வீட்டாரை ஹாஸ்டலுக்கே கூட்டிட்டுப் போனேன். படிச்சிட்டு இருந்தவளை வெளியே வரச் சொன்னேன்."

"பி.ஏ. கடைசி வருசம். அடுத்த வாரம் பரீட்சை. இப்பமா?"

"நல்ல இடம், கைவிட்டுப் போயிரும்னு நினைச்சேன். மாப்பிள்ளைக்க அம்மை, கொஞ்சம் நடந்து காட்டுன்னா. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வராந்தாவில நின்னு பாத்துது."

"நம்ம பிள்ளை?"

"என்னைப் பாத்தா. நான் ஒண்ணும் சொல்லல்ல. பொறவு நடந்தா."

கண்டக்டர் மணியடித்ததும் அந்த அம்மாள் எழுந்தாள்.

"இறங்குங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம், நீ படின்னு அவகிட்ட சொல்லிட்டுப் போவோம்."

"எந்த மொகத்தோட போவேன்?"

"அவளை நடக்க விட்டப்ப இந்த வெக்கம் எங்க போச்சு?"

பஸ்ஸை நிறுத்தி இருவரும் இறங்கினார்கள். அவள் முன்னால் போனாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.