ஆயிரமாவது ஏற்றம்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு முழங்கால்கள்மேலும் சத்தியம். இடது கால் கொஞ்சம் மக்கர் பண்ணும் என்பதால், வலது காலைப் பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள், ரேஞ்சர் ஐயா.

உச்சியிலிருந்த 'மலை உச்சி' என்ற பலகையைப் பிடுங்கியது நான்தான். பாதி வழியில், தேநீர்க் கடைக்கு மேலே இருக்கும் வளைவில் நட்டதும் நான்தான். காரணம் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இருபது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நானும் என் மச்சினனும் இந்த மலை ஏறுகிறோம். முதல் வாரம் எனக்கு ஒரு நாள் முன்னாலேயே தனியாகப் போய் வழி பார்த்து வந்தவன் அவன். பலகைக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நான் உலக விஷயங்களைப் பேசுவேன். பாவம், கேட்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஏறி முடித்ததும் அவனுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். "நீங்க உக்காருங்க அத்தான், நான் கொஞ்சம் ஒதுங்கிட்டு வந்துடறேன்" என்று பின்னாலிருக்கும் புதருக்குள் போனால், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். நானும் எத்தனையோ சூரணம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் உச்சியின் விசேஷம், அதற்குப் பின்னாலும் கொஞ்சம் மேடு போகும். ஒரே புதரும் மூடுபனியும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன சனிக்கிழமை என் ஆயிரமாவது ஏற்றம். பார்த்தால் மூன்று நாள் தொடர் விடுமுறை. கூட்டம் நெட்டித் தள்ளும். என் கல்லில் யாராவது குடும்பத்தோடு உட்கார்ந்து பாட்டு வைப்பார்கள். ஆயிரமாவது தடவை நின்றுகொண்டே திரும்புவதா? ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானமே மச்சினனையும் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு கிளம்பினேன்.

"கிழக்குப் பக்கமா சாய்ச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுங்க, அத்தான். கையோட வந்துடும்" என்றான் மச்சினன்.

"உனக்கு எப்படிரா தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே."

அப்படியே வந்தது.

சனிக்கிழமை நாங்கள் வளைவுக்கு வந்தபோது இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். பலகையோடு படம் எடுக்கப் பாம்பு மாதிரி வரிசை. எண்பது வயது அம்மா ஒருவரை இரண்டு மகன்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். "சாகறதுக்குள்ள உச்சியப் பாத்துட்டேன்டா" என்று அவர் பலகையைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை நான் அவசரப்படுத்தாமல் தள்ளி நின்றேன். அந்த மகன்களின் முதுகுக்கு நான் செய்த உபகாரத்தை யாரும் எழுதிவைக்கப்போவதில்லை.

நாங்கள் மெதுவாக மேலே நழுவும்போது ஒரு தொப்பிக்காரர் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, உச்சி இங்கதானே இருக்கு? அங்க எங்க போறீங்க?"

சட்டென்று மச்சினனின் வழக்கமான வசனம்தான் வாயில் வந்தது. "கொஞ்சம் ஒதுங்கத்தான்."

அதுதான் நான் செய்த ஒரே தப்பு. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த கூட்டம். திரும்பிப் பார்த்தால் எங்கள் பின்னால் நாற்பது பேர், ஒழுங்காக வரிசையில். ஒன்றரை மணி நேரம் ஏறினோம். ஒருவர்கூட நடுவில் விலகவில்லை. விலகினால் இடம் போய்விடும் அல்லவா?

"இன்னும் எவ்ளோ தூரம்ங்க?" என்று தொப்பிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இதோ வந்துடுச்சு."

என் கல் வந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன். மச்சினன் வழக்கம்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தான். நாற்பது பேரும் அவன் பின்னால் நுழைந்தார்கள். "ஐயோ, நீங்க எதுக்குங்க வர்றீங்க?" என்று அவன் கெஞ்சுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அமைதி. ஆயிரமாவது ஏற்றம், நான் ஆசைப்பட்டபடி தனியாக, என் கல்மேல், என் உச்சியில். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அந்த நாற்பது பேர்தான் உங்களிடம் வந்து புகார் சொன்னார்கள் என்று தெரியும். பலகை விஷயத்தில் குற்றம் முழுக்க என்னுடையது. மச்சினனை விட்டுவிடுங்கள், அவன் வாயில்லாப் பூச்சி, வயிற்று நோயாளி.

போன மாதம் அவன் தொலைத்த மூக்குக்கண்ணாடிக் கூடு உங்கள் மேசைமேல் இருக்கிறது. என் கல்லுக்கு மேலே இன்னும் இருபத்தைந்து நிமிட ஏற்றத்தில், நிஜமான உச்சியில், உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்த ஒரு கல்மேல் அது கிடந்தது என்கிறீர்கள். அதிலிருக்கும் சிவப்புப் பூவைத் தைத்தது என் மனைவிதான்.