பின்னால் யாரும் இல்லை

மலைப்பாதையில் கட்டுவதற்கு ஆரஞ்சு நிறத் துணிதான் நல்லது. பச்சை இலையோடு இலையாகப் போய்விடும். சிவப்பு வெயிலில் நன்றாகத் தெரியும், மரநிழலுக்குள் போனதும் கறுத்துவிடும். நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருப்பவள். வெட்டி மிஞ்சும் துணியில் ஆரஞ்சை மட்டும் வருஷம் முழுக்கச் சேர்த்துவைப்பேன். ஓட்டம் நெருங்கும்போது அதை நீளநீளமாகக் கிழித்து, ஓரம் பிரியாமல் ஒரு தையல் ஓட்டுவேன். காற்றில் நார்நாராகப் போகிற ரிப்பனை நம்பி ஒருவர் எப்படி ஓடுவார், சொல்லுங்கள்.

உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். நேற்று வந்தவர் மேஜையைத் தட்டினார். தட்டினால் எனக்கு வாய் வராது. நீங்கள் கேட்கிற மாதிரி கேட்டால் முதலிலிருந்தே ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஓட்டம் சின்ன ஓட்டம். பேனர் இல்லை, மைக் இல்லை, ஜெயித்தவருக்குக் கோப்பை இல்லை. மாரத்தான் தூரம்தான், ஆனால் மலை என்பதால் பாதிப் பேர் நடந்துதான் முடிப்பார்கள். முடிவில் ஒரு மேஜை, அதில் வாழைப்பழமும் டீயும். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஆரம்பித்தது. "பந்தயம்னு யாரும் நினைக்காதீங்க. வீட்டவிட்டு ஒரு நாள் வெளிய வர்றதுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அது சிரிப்பாக இருந்ததில்லை. வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

அவர் வைத்த விதிகள் கொஞ்சம். ஆளுக்கு ஒரு விசில் கழுத்தில் இருக்க வேண்டும், ஆபத்து என்றால் மூன்று முறை ஊத வேண்டும். அடுத்தது, பாதை தெரியும் என்று யாரும் சொல்லக்கூடாது. வேலி மாறும், மழையில் மண் சரியும் என்பதால் வருஷா வருஷம் பாதையை மாற்றிக் கட்டுவோம். "உங்க கண்ண நம்பாதீங்க, ரிப்பன நம்புங்க" என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவார்.

இன்னொன்று, எல்லோருக்கும் பின்னால் ஒருவர் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வருவார். பாதையில் கடைசியாக வருகிற மேடு வரைக்கும் டிரில் மாஸ்டர். அங்கே பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் கீழே போய்விடுவார். மேட்டிலிருந்து மேஜை வரைக்கும் நான். பையை மேஜையில் கொட்டியதும் அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பின்னாடி யாராவது உண்டா?" என்பார். "பின்னாடி யாரும் இல்ல" என்று நான் சொல்வேன். கைதட்டுவார்கள். அதோடு மேஜையை மடித்துவிடுவார்கள். வந்தவர்களை யாரும் எண்ண மாட்டார்கள். கடைசி ஆள் வந்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று. அதில் ஒருமுறைகூடத் தப்பு நடந்ததில்லை.

என் தங்கையைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவோம். வளர்ந்து என்னைவிட உயரமான பிறகும் பொடிசுதான். வாய் ஓயாது. அம்மா போன பிறகு வீட்டில் அப்பா, நான், அவள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது அவருக்கு நினைவு கலங்கிவிட்டது. ஒருநாள் நடுரோட்டில் நின்று விசிலடித்து லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவருடைய விசிலைப் பிடுங்கி மெஷின் டிராயரில் போட்டேன். என்னைத் தவிர யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார். தூங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். விடுவித்தால் விழித்துக்கொள்வார். குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். ஓட்டத்தன்று மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் அவரோடு இருப்பாள். அவரை நான் குறை சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன்.

பொடிசு இருந்தவரை மூச்சுவிட முடிந்தது. பக்கத்து ஊரில் வேலை பார்த்தாள், சாயங்காலம் வந்துவிடுவாள். வந்ததும் அப்பாவிடம், "டிக்கெட் எடுத்தாச்சா? சில்லறை இருக்கா?" என்று ஆரம்பிப்பாள். அவர் சிரிப்பார். அந்தக் கொஞ்ச நேரம் என் கை எனக்கு. பிறகு அவளுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்தது. சந்தோஷம்தான், நானும் சொன்னேன். புது உடுப்பு இரண்டு தைத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது, "அப்போ அப்பாவ யாரு பாத்துக்குறது?" என்று கேட்டேன்.

"நீதான் இருக்கியேக்கா" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் கிடக்கிற மிதியடி இருக்கிறது என்பது போலச் சொன்னாள். வாயில் இருந்த குண்டூசியை எடுத்து மடிப்பில் குத்தினேன்.

ஓட்டம் முடிந்த கையோடு மதியப் பஸ்ஸில் கிளம்புவதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். நாலு நாளில் வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். கணுக்கால் லேசாகப் பிசகினால் போதும் என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை. ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பாள், வேலை வேறு யாருக்காவது போய்விடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு தங்கைக்கு அக்கா செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் உயிர் போகிற காரியம் இல்லை.

நான் சொன்ன மேடு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான், அதைத் தாண்டினால் கைவிட்ட கல்குவாரி. அதன் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் சரளை சரிந்து கிடக்கும், கால் வைத்தால் வழுக்கும். பாதை அதற்கு முன்பே இரண்டாகப் பிரியும். வலதுபக்கம் போனால் மேஜை, இடதுபக்கம் போனால் குவாரி.

பொடிசு எப்போதும் கடைசியில்தான் வருவாள். ஓட முடியாமல் இல்லை. வழியில் நாலு பேரிடம் பேசவேண்டும், ஆட்டுக்குட்டியைத் தூக்கவேண்டும், பிறகு மேட்டில் நின்று போன் பேசவேண்டும். அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். டிரில் மாஸ்டர் பையைக் கொடுத்துவிட்டு, "இந்த வாயாடியக் கூட்டிட்டு வந்து சேருங்க" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். முன்னால் போனவர்கள் பிரிவைத் தாண்டிப் போய்விட்டதை மேலிருந்தே பார்த்துவிட்டேன். "பேசிட்டு ஓடு. நான் பின்னாடி மெதுவா வரேன்" என்று சைகை காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். ரிப்பன் கட்டுகிறவர்கள் இறங்குகிற குறுக்குவழி ஒன்று உண்டு. அதில் இறங்கி, வலப்பக்கத்து ரிப்பன்களை அவிழ்த்து இடப்பக்கம் கட்டினேன். பிறகு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அவள் பாடிக்கொண்டே வந்தாள். பிரிவில் நின்றாள். அந்தக் குவாரி அவளுக்குத் தெரியாததல்ல, சின்ன வயதில் அங்கே கல் பொறுக்கியவள். வலதுபக்கம் பார்த்தாள், இடதுபக்கம் பார்த்தாள். ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் தையல் இருந்தது, நான் கட்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இடதுபக்கம் போனாள்.

சரளையில் வழுக்குவாள் என்று நினைத்தேன். விளிம்பே பெயர்ந்துவிட்டது. ஓட்டத்துக்கு முந்தின வாரம் பெய்த மழைக்குப் பிறகு நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

எட்டிப் பார்த்தேன். கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் கிடந்தாள். ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. என் முகத்தைக் கண்டதும் அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

"உன் ரிப்பன நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். கால் நல்லா மாட்டிக்கிச்சுக்கா. ஆளுங்களக் கூட்டிட்டு வா."

"வேலை என்னாவுறது?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன. இப்பதான் மேட்டுல பேசினேன். ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் சேத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க. நொண்டிக்கிட்டாவது போயிருவேன், நீ கவலப்படாத."

எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். அவளைத் தூக்கலாம், கட்டுப் போடலாம், ஒரு மாதம் சாப்பாடு கொடுக்கலாம். பிறகு அவள் போவாள். நான் செய்த அத்தனையும் வீண். வீட்டில் என் மணிக்கட்டுக்காக ஒரு கை காத்துக்கொண்டிருந்தது.

"இரு, வரேன்" என்றேன். வருவதாகத்தான் சொன்னேன், அது பொய்யில்லை. வழியில் எல்லா ரிப்பனையும் அவிழ்த்துக்கொண்டு போனேன். இடப்பக்கத்தில் இருந்ததையும்தான். வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

பையை மேஜையில் கொட்டினேன். டிரில் மாஸ்டர் வழக்கம்போலக் கேட்டார். "பின்னாடி யாரும் இல்ல" என்றேன். கைதட்டினார்கள். "வாயாடி எங்க?" என்றார். "மேட்டுலேந்தே ரோட்டுப் பக்கம் இறங்கி பஸ்ஸப் புடிச்சிட்டா" என்றேன். "சொல்லாமக்கூடப் போயிட்டாளே" என்று செல்லமாகத் திட்டிவிட்டு மேஜையை மடித்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்காவிட்டால் நான் கயிறு கேட்டிருப்பேன். சொன்ன பிறகு எப்படிக் கேட்பது? ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்களே. பொடிசு பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள், நான் இதில் மாட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போய் அவள் பெட்டியைத் திறந்து, உடுப்புகளைப் பழையபடி அலமாரியில் அடுக்கினேன். அவள் கட்டிலில் விரிப்பு மாற்றினேன். வீடு வீடாக இருந்தது.

விசில் அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அடுப்படி வரைக்கும் கேட்டது. மூன்று முறை, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"யாரோ மூணு அடிக்கிறாங்க" என்றார். "ஒண்ணுன்னா நிறுத்து. ரெண்டுன்னா போ. மூணுக்கு அர்த்தமே கிடையாது."

"பறவைப்பா."

"அது என் விசிலு."

அப்போதுதான் டிராயரைத் திறந்து பார்த்தேன். விசில் இல்லை. கடையில் வாங்கச் சோம்பல்பட்டு அவருடையதை எடுத்துப் போயிருக்கிறாள், கழுதை.

அன்றைக்கும் மறுநாளும் வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா அதையே சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாள் என் தோளைத் தட்டி, "பாவம், உன் பாடு" என்றாள். எல்லோரும் என்னைத்தான் பாவம் என்றார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் சத்தம் மெலிந்து, பிறகு நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலையில் டிரைவர் வந்தார். அப்பாவோடு ஒரே பஸ்ஸில் காலம் தள்ளியவர். அவ்வப்போது வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவார், அவர் கத்தி பட்டால் மட்டும் அப்பா அசைய மாட்டார். பாதி முகம் முடிந்திருந்தது. அப்பா அவரிடமும் சொன்னார்: "என் விசில யாரோ தப்பா அடிக்கிறான்யா. மூணு மூணா அடிச்சான். நேத்தோட நின்னுபோச்சு."

நான் வழக்கம்போலச் சிரித்தேன். டிரைவர் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"அவரு விசில் எங்கம்மா?"

"டிராயர்ல இருக்கு."

எழுந்து போய்த் திறந்தார். நூல்கண்டுகளை விலக்கிப் பார்த்தார். "வேற எதுல வேணா இவரு தப்பு பண்ணலாம்மா. விசில்ல பண்ணமாட்டாரு. திரும்பிப் பாக்காம இவரு சத்தத்த நம்பித்தான் அத்தன வருசமும் வண்டிய எடுத்தேன்" என்றார். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். அப்பாவின் மீதி முகம் சோப்பு நுரையோடு இருந்தது. காய்ந்தால் எரியும். நானே மழித்து முடித்தேன். என்னிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அதுதான் முதல் தடவை.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் ஆள் தப்பாக எழுதியிருக்கிறார், திருத்திக்கொள்ளுங்கள். அவளை அங்கேயே போட்டுவிட்டு நான் வீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அப்பா கண்ணயர்ந்த போதெல்லாம், தலையணையை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் மேட்டைத் தாண்டிப் போனேன். விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளி, அவளுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்தேன். கையில் பட்டன் வைக்கிற வேலை இருந்தது. அவள் அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். பேசினால் காப்பாற்றுவேன் என்று நினைத்துக்கொள்வாள், அந்த ஆசையைக் கொடுக்க மனசு வரவில்லை. கடைசியில் விசில் வெறும் காற்றாக வந்தபோதும், அந்த மூச்சும் நின்றபோதும் நான் அங்கேதான் இருந்தேன்.

அவள்தான் என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தாள். நான் அவளைத் தனியாக விடவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.