நின்று நின்று ஓடிய ஐஸ் மெஷின்

ஐஸ் மெஷின் திடீர் திடீரென்று நின்றுபோனால் முதலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள், ஐயா. வடிகட்டி அடைத்திருக்கும். இல்லையென்றால் பின்பக்கம் தூசி சேர்ந்து சூடேறியிருக்கும். பத்தில் எட்டு மெஷின் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

அந்த ஓட்டல் மெஷின் மட்டும் வழிக்கு வரவில்லை. மாப்பிள்ளை மூன்று முறை போய் மண்டையை உடைத்துக்கொண்டான். என் தங்கையின் கணவன்தான். பதினோரு வருடமாக என் பட்டறையில் கூட்டாளி. நான்காம் நாள் போன் செய்தான்.

"மச்சான், இது எனக்குப் பிடிபடல. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

எப்படிப் பிடிபடும்? பெட்டியில் ஐஸ் நிறைந்தால் மெஷினை நிறுத்த உள்ளே ஒரு சென்சார் உண்டு. அதன்மேல் கண்ணாடி போன்ற டேப்பை நகத்தளவு ஒட்டியவன் நான். ஈரம் படிந்ததும் பெட்டி நிறைந்துவிட்டதாக நினைத்து அது மெஷினை நிறுத்திவிடும்.

அதற்கு முந்தைய வாரம் ஓட்டல் மேனேஜர், "புது ஒப்பந்தத்துல உங்க மாப்பிள்ளை கையெழுத்து போட்டாச்சே, சொல்லலையா?" என்று கேட்டார். சொல்லவில்லை. தினமும் என் எதிரே உட்கார்ந்து, என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டான், வாயே திறக்கவில்லை. என்னைக் கழற்றிவிட்டுத் தனியாக எடுத்துக்கொண்டான், ஐயா. தங்கையைக் கொடுத்தேன், தொழிலில் பாதியைக் கொடுத்தேன். முதுகில் குத்திவிட்டான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். மெஷினுக்குள் கை விடுகிறவன் சட்டைப்பையில்தான் பியூஸ் இருக்க வேண்டும். மற்றவன் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவான். அன்று மெயின் போர்டு வரை நிதானமாக நடந்துபோனேன். எதையும் தொடவில்லை. திரும்பி வந்து, என்னிடமிருந்த பழைய பியூஸ் ஒன்றை அவன் பையில் போட்டேன். மெஷின் ஏற்கெனவே நின்றுபோயிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

"புடுங்கியாச்சா மச்சான்?"

"ஆச்சு. கைய விடு."

டெஸ்டர் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஈரத் தரையில் மண்டி போட்டிருந்தான். வெகு நேரம் ஆகவில்லை.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு டேப்பை உரித்தெடுத்தேன். அன்றிலிருந்து மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. வேலையில் எனக்கு அரைகுறை பிடிக்காது.

நேற்று தங்கை அந்த ஒப்பந்தத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் போட்டாள். அதில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. சமையலறையில் நான் சண்டை போடுகிறேன் என்று ஓட்டல்காரர்கள் என்னை வேண்டாமென்றார்களாம். மச்சான் இல்லாமல் நானும் இல்லை என்று இவன் பிடிவாதமாக நின்று என் பெயரைச் சேர்க்க வைத்தானாம். வேண்டாமென்றது தெரிந்தால் என் மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் இருந்தானாம்.

இருக்கட்டும். கூடவே வேலை செய்கிறவனிடம் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்தால் அவன் என்னதான் நினைப்பான், நீங்களே சொல்லுங்கள். நான் அவனிடம் எதையுமே மறைத்ததில்லை.