எல்லா அச்சுக்கும் ஒரே உயரம்

"மாப்பிள்ளை குட்டையா இருக்காருன்னு போட்டோவுக்குப் பலகை மேல ஏத்துனாவல்லா, அப்பதான்வே எனக்கு நம்ம மிஷின் ஞாபகம் வந்துது" என்றார் மூத்தவர்.

உல்லாஸ்நகரில் நிக்காஹ் முடிந்து லோக்கல் ரயிலில் திரும்பும் இரண்டு மைத்துனர்கள். தாராவியில் தகர மூடி அடிக்கும் பட்டறையைச் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இயந்திரப் படிப்புக்காரனான எனக்குக் காது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"மூடி அடிக்கிற அச்சுல குட்டையா இருக்கதுக்குக் கீழ இரும்புத் தட்டு வச்சு, எல்லா அச்சையும் ஒரே உயரமாக்கிட்டா என்ன? அச்சைக் கழட்டி மாட்டவா நேரமாவுது? தகரத்தை அமுக்குற பிரஸ் எவ்வளவு இறங்கணும்னு திருகித் திருகிப் பாக்கதுலதான அரைநாள் போவுது."

இளையவர் யோசித்தார். "ஒரே நாள்ல பெரிய மூடியும் சின்ன மூடியும் வரலேன்னா வேற பட்டறைக்குப் போயிருவேன்னு எண்ணெய்க் கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அமெரிக்காவுல கட்டளையெல்லாம் ஓட்டையாப் போட்ட காகிதச் சுருளைக் குடுத்தா மிஷினே அச்சை மாத்திக்கிடுமாம், மச்சான்."

"நம்ம ஊரு காகிதச் சுருள்ல வேர்க்கடலைதான் வரும். சும்மா இரும்."

குர்லா தாண்டியதும் இறங்குவதற்காக இருவரும் வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

"நாளைக்குப் பெரிய மூடியை அடிச்சு முடிச்சதும், உயரத்தைத் தொடாமலே சின்ன அச்சைத் தட்டோட மாட்டிப் பாப்போம். அந்த உயரம் திருகுற பெரிய ஸ்பானரை மட்டும் நீரே வச்சுக்கிடும்" என்றார் மூத்தவர்.

"எதுக்கு?"

"பழக்கத்துல கை திருகிரும்வே. நான் கத்திக் கேட்டாலும் குடுத்துராதேயும்."