வாங்காமல் போன வாடிக்கையாளர்

வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் என் அலுவலகத்துக்கு யார் வந்தாலும் காபியை நானே போட்டுக் கொடுப்பேன். உளவுத்துறையில் இருந்த காலத்துப் பழக்கம். கையில் சூடான கோப்பை இருந்தால் எந்த மனிதரும் கொஞ்சம் இளகிவிடுவார்.

ஓய்வு பெற்றதும், அரசாங்கங்களுக்குத் தொழில்நுட்பம் செய்து தரும் சின்ன நிறுவனங்களில் பணம் போட ஆரம்பித்தேன். இந்த வட்டாரத்தில் என்னைப் போல உள்ளே இருந்து வந்தவர்கள் நிறையப் பேர். பழைய சிநேகிதம் கதவுகளைத் திறந்துவிடும். நயோமி பிராண்ட் என்ற பெண்ணின் நிறுவனம் அப்படிக் கிடைத்ததுதான். செல்போன் எண்ணைக் கொடுத்தால் அந்தப் போன் எங்கே இருக்கிறதென்று அவளுடைய கருவி வரைபடத்தில் காட்டிவிடும். கருவி அருமை, விற்பனைதான் இல்லை. ஒரு பெரிய ஆர்டர் வராவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்தக் கர்னல் வந்தார். வெளிநாட்டுக்காரர், மரியாதை தெரிந்தவர், காபிக்கு இரண்டு சர்க்கரை. கருவியை ஓட்டிக் காட்டச் சொல்லித் தன் நாட்டு எண் ஒன்றைக் கொடுத்தார். வாங்குகிறவர் கொடுக்கும் எண்ணில் காட்டுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். நம் எண்ணில் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். திரையில் ஒரு புள்ளி சந்தைக்குள் நடந்து போனது. கர்னல் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். விலையைப் பற்றி மேலிடத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசித்துச் சொல்வதாகப் போனவர், அடுத்த மாதம் வேறொரு எண்ணோடு வந்தார். அதையும் ஓட்டிக் காட்டினோம், அப்போதும் வாங்காமலே போனார். மூன்றாவது முறை அவர் வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது நயோமி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அந்த நாட்டுச் செய்திகளைத் தேடிப் பார்த்திருக்கிறாள். முதல் எண் ஒரு தொழிற்சங்க வக்கீலுடையதாம். அந்தச் சந்தையிலேயே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டாவது எண்ணுக்குரிய பத்திரிகைக்காரரின் உடல் ஆற்றில் கிடைத்ததாம்.

“அவங்க வாங்க வரல, ஹாலிஸ். ஆளத் தேடி வர்றாங்க. நாம ஓசியிலயே காட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கோம்.”

“தற்செயலா இருக்கலாம்மா. பெரிய ஆர்டர்னா இப்படித்தான் இழுத்தடிப்பாங்க.”

“நீங்க அந்த வேலையிலயே கெடந்தவரு. தற்செயல்னு நீங்க சொல்றீங்களா?”

அடையாள அட்டையைக் கழற்றி என் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கர்னலை உள்ளே கூப்பிட்டேன். அவர் கொண்டுவந்த மூன்றாவது எண்ணை நானே தட்டினேன். புள்ளி ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றது. பிள்ளையைக் கூட்டிப் போக வந்த தாயோ தகப்பனோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நான் மறைக்கப் போவதில்லை. கர்னல் வழக்கம்போல் வெளியே போன் பேசப் போனார். ஆறிப்போயிருக்குமே என்று அவருடைய காபியை மாற்றி வைத்தேன். இரண்டு சர்க்கரை.

விசாரிக்க வந்த நீங்கள், குற்ற உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிற தெரு வழியாக நான் இப்போது கார் ஓட்டுவதே இல்லை. முதல் ஆளைத் தெரியாமல் காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறை கொஞ்சம் உறுத்தியது. மூன்றாவது ஆளைத் தெரிந்தே காட்டிக் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அனுமதி வாங்காமல் வெளிநாட்டுக்கு விற்று ஏற்றுமதிச் சட்டத்தை மீறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் கடைசிவரை வாங்கவில்லை. ஒரு டாலருக்குக்கூட நான் அவர்களுக்கு எதையும் விற்கவில்லை.