முதலாளி வீட்டுக் குழாயில் வந்த தண்ணீர்

ஏரியின் ஆழம் அறிந்தவன் என்பதால் ஊரில் என்னை ஆழக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. தொழில் ஏரியில் மீன்பிடிப்பது. ஏரிக்கரைத் தெருவில் கடைசி வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் சாய ஆலை முதலாளி கரையை வளைத்துக் கம்பிவேலி போட்டு, எல்லாரும் படகு இறக்குகிற படித்துறைக்கும் பூட்டுப் போட்டார். அதன் பிறகு அவர் விருந்தாளிகள் மட்டும் உள்ளே நாற்காலியில் சாய்ந்துகொண்டு தூண்டில் போட்டார்கள். காற்று அவர் பங்களாவை விட்டு விலகி வீசும் நாளாகப் பார்த்து ஆலைக் கழிவைத் திறந்துவிட்டார்கள். நுரையும் செத்த மீனும் எதிர்க்கரையில் ஒதுங்கின. நாங்கள் அதிகாரிகளிடம் பதினொரு மனு கொடுத்தோம். "தண்ணியப் பரிசோதிச்ச சான்று எங்க?" என்று கேட்டுப் பதினொன்றையும் தள்ளிவிட்டார்கள். மீன் விற்ற என் மனைவி இப்போது அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

போன மாதம் ஆலை மேலாளர் என் வீட்டுக்கு வந்து, பங்களாவுக்கு ஏரியிலிருந்து குழாய் போடுவதாகச் சொல்லி, "அண்ணே, நுரை படாத ஆழமான இடமாக் காட்டுங்க" என்றார். நான் ஈயக்குண்டு இறக்கி ஆழம் பார்த்து, இருப்பதிலேயே ஆழமான இடத்தைக் காட்டினேன். அங்கே நுரை படாது என்பது உண்மை. ஆனால் காற்றோடு போகிற மேல்தண்ணீர் எதிர்க்கரையில் முட்டிக் கீழே இறங்கி, அடி வழியாக அங்கேதான் திரும்பி வரும். ஆலை வந்த நாளிலிருந்து என் வலையின் அடிப்பக்கம்தான் சாயம் ஏறியது. வலை போடுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். மேலாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் காட்டிய இடத்திலேயே குழாய் போட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் குளிக்கப் போன விருந்தாளி ஒருவர் கத்தரிக்காய் நிறத்தில் வெளியே வந்ததாகக் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சிரித்தேன். மறுநாள் முதலாளி, நான் தண்ணீரில் விஷம் கலந்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார்.

நான் எதையும் கலக்கவில்லை. குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்து, அதில் இருப்பது ஆலைச் சாயம் என்று எழுதி வாங்கிய அறிக்கையை முதலாளியே புகாரோடு சேர்த்திருப்பதாக இன்ஸ்பெக்டர் ஐயா இப்போது படித்துக் காட்டினீர்கள். மூன்று வருடமாக எங்களுக்குக் கிடைக்காத சான்றை அவரே ஒரே நாளில் எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் எனக்கு ஒரு நகல் வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது. யார் மிரட்டியும் சொல்லவில்லை, ஒரு சொல்லையும் திரும்ப வாங்கமாட்டேன்.

(ஒப்பம்) ஆழக்காரர்