லாங்கி வீட்டு ஃப்ரீசர்

அதெல்லாம் சரி நர்ஸம்மா, நாளைக்கு மாதர் கமிட்டிக் கூட்டத்துல இதையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எதையா? இவ்ளோ நேரம் வேற எதப் பத்திப் பேசிட்டிருக்கேன்! ஃப்ரீசர்ல வச்ச சாப்பாடு உடம்புக்கு ஆகாதுன்னு சொல்லணும். லாங்கிய முன்வரிசையில உக்கார வச்சுச் சொல்லணும்.

லாங்கி யாரா? பக்கத்துப் பச்சைக் கூரை வீடு. திரும்பிப் பாக்காதீங்க, அவ கண்ணு இங்கதான் இருக்கும். இந்தாங்க, இளநி குடிங்க.

என்னது, சத்து குறையாதா? பிடிச்ச உடனே உறைய வச்சா புது மீன் மாதிரியேதானா? கடையில ரெண்டு நாள் வாடிக் கெடந்த காய்க்கு உறைய வச்ச பட்டாணியே தேவலையா? அம்மா தாயே, மெதுவாப் பேசுங்க, காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது.

சரி, சத்து கெடக்கட்டும். கரண்டு போச்சுன்னா? அந்தப் பெரிய காத்தடிச்சப்போ ஒரு நாள் முழுக்க கரண்டு இல்லையே! அவ மூடியத் தொறக்கவே இல்லையாம். மேல பாய விரிச்சு, யாரும் தொறந்துடக் கூடாதுன்னு அது மேலயே ஏறிப் படுத்துக் கெடந்தாளாம். உள்ள எல்லாம் கல்லாட்டம் அப்படியே இருந்துச்சு. எனக்கு எப்படித் தெரியுமா? உப்பு கேக்கப் போனேன். எங்க வீட்டுல உப்பு இருந்துச்சு, அது வேற விஷயம்.

அப்ப ஒண்ணும் கெட்டிருக்காதுங்கறீங்க. ஒரே ஒரு தப்பு கூடவா சொல்ல மாட்டீங்க? உருகினதத் திரும்ப உறைய வைக்கக் கூடாதா? ஆங், அதச் சொல்லுங்க, நல்லா சத்தமாச் சொல்லுங்க! ஆனா அவ சின்னச் சின்னப் பொட்டலமாத்தானே கட்டி வைக்கறா, வேணுங்கறத மட்டும்தானே எடுக்கறா... சே, அதுலயும் அவள அசைக்க முடியாது போல.

பொறாமையா? எனக்கா? ஆமாம்மா, பொறாமைதான். வயிறு பத்தி எரியுது. இந்த வருசம் நம்ம தீவுக் கடல்ல பலோலோப் புழு எழும்பினப்போ விடியக்காலையில ஊரே வலையோட இடுப்பளவு தண்ணியில நின்னுச்சு. நாந்தான் நெறைய அள்ளுனேன், யார வேணாலும் கேளுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கரைஞ்சு போற கடல் புழு, அத எங்கிட்டு வச்சுக் காப்பாத்துறது? வெண்ணெயில வதக்கி அன்னிக்கே தின்னோம். மிச்சத்த அக்கம்பக்கத்துல குடுத்தேன். லாங்கிக்கும்தான். அவ சிரிச்சுக்கிட்டே வாங்கி ஃப்ரீசர்ல வச்சுட்டா.

வச்சா வச்சுட்டுப் போகட்டும்னு எப்படிம்மா விடுறது? கிறிஸ்துமஸுக்கு எம் பையன் பெனி ஆக்லாண்டுலேருந்து வரான். பலோலோன்னா உசுர விடுவான். அப்ப கடல்ல ஒரு புழு இருக்காது. போன வருசமும் பையத் தொப்புன்னு இங்க போட்டுட்டு அங்க ஓடுனவன், பொழுது சாயறப்பதான் வந்தான். சுடச்சுட நான் சுட்டு வச்ச மீன் ஆறிப் போயிருந்துச்சு. வயிறு ரொம்பிடுச்சும்மான்னான்.

அங்க ஏன் போறானா? அவ மகளத்தானே கட்டியிருக்கான். லாங்கி எனக்குச் சம்பந்தி.

அந்த ஃப்ரீசரா? அவன்தான் வாங்கி அனுப்புனான், மாமியாருக்கு. எனக்கு ஃபோன் மட்டும் பண்ணுனான். உனக்கெதுக்கும்மா அது, நீதான் எல்லாத்தையும் புதுசாவே சாப்புடறவளாச்சேன்னு.